போர்த்துகீசியப் பன்மைக்கு ஓர் இலவசத் துணை: ப்ரிபெராம் இணைய அகராதி மதிப்புரை

"ஓ லிவ்ரோ நோவோ எ போங்" என்றால் 'புதிய புத்தகம் நன்றாக இருக்கிறது'. இதையே பன்மையில் சொன்னால் "ஓஸ் லிவ்ரோஸ் நோவோஸ் ஸாவுங் போங்ஸ்". ஐந்து சொல் வாக்கியத்தில் ஐந்தும் மாறிவிட்டன. தமிழில் 'புத்தகம்' மட்டும் 'புத்தகங்கள்' ஆனால் போதும். 'புதிய' அப்படியே நிற்கும், 'நன்றாக' அப்படியே நிற்கும், பேச்சில் வினைகூடப் பெரும்பாலும் மாறாது. போர்த்துகீசியம் தொடங்கும் தமிழர்கள் முதலில் தடுக்கி விழும் இடம் இதுதான். சொல் தெரிந்திருக்கும், அதன் பன்மை தெரியாது. பன்மை தெரிந்தாலும் அடைமொழியையும் வினையையும் சேர்த்து மாற்றக் கை வராது.

லிஸ்பனைச் சேர்ந்த ப்ரிபெராம் நிறுவனம் இணையத்தில் இலவசமாகத் தரும் போர்த்துகீசிய அகராதி இந்த வேலைக்கு எவ்வளவு உதவும் என்பதே இங்கே கேள்வி. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பெயர்ச்சொல்லின் பன்மைக்கு இது மிகச் சிறந்த துணை. வினையின் பன்மைக்கும் நல்லதுதான், ஆனால் எந்த வரியைப் படிப்பது, எதை விடுவது என்று தெரிந்துகொண்டு திறக்க வேண்டும். பாடநூலுக்கு மாற்றாக மட்டும் இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. இது விதியைச் சொல்லித் தராது, விடையைத்தான் காட்டும்.

படிக்கும் முன் ஒரு குறிப்பு. போர்த்துகீசியச் சொற்களை இங்கே அவற்றின் எழுத்துக்கூட்டலை ஒட்டியே தமிழில் எழுதியிருக்கிறோம். எழுத்துகளை ஆங்கிலப் பெயரால் குறிக்கிறோம்: ஏ என்றால் a, ஈ என்றால் e, ஐ என்றால் i, ஓ என்றால் o. 'ங்' வரும் பல இடங்களில் ஒலி மூக்கில் கரையும், அவ்வளவுதான். 'சங்கு' என்பதில் வருவதுபோல அழுத்தமாகச் சொல்லிவிட வேண்டாம். சொல்லின் கடைசியில் வரும் எஸ், போர்ச்சுகலிலும் ரியோ டி ஜெனிரோவிலும் 'ஷ்' என்று ஒலிக்கும், சாவோ பாவ்லோவில் 'ஸ்'. அடுத்த சொல் உயிரெழுத்தில் தொடங்கினால் அந்த எஸ், ஸெட் எழுத்தின் அதிர்வொலியாக மாறி அடுத்த சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். பன்மை காதில் விழாமல் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

திறந்ததும் செய்ய வேண்டியது

முதலில் அமைப்புப் பகுதிக்குப் போய் எந்த வழக்கு வேண்டும் என்று தேர்ந்தெடுங்கள். ஐரோப்பிய வழக்கு, பிரேசில் வழக்கு இரண்டும் உண்டு. 1990-ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்த ஒப்பந்தத்துக்கு முந்தைய எழுத்துமுறை, பிந்தைய எழுத்துமுறை என்ற தேர்வும் உண்டு. தொடக்கநிலையினர் பலர் இதைத் தொடாமலே விட்டுவிடுகிறார்கள். பன்மையைப் பொறுத்தவரை இது சின்ன விஷயமல்ல. 'பார்க்கிறார்கள்' என்பதற்கான 'வேஎங்' பழைய நூல்களில் முதல் ஈ எழுத்தின் தலையில் கூரைக்குறியோடு (^) இருக்கும், ஒப்பந்தத்துக்குப் பின் அந்தக் குறி கிடையாது. பிரேசிலில் 2016 முதல் புதிய முறைதான் கட்டாயம். இன்று புதிதாகப் படிப்பவர்கள் 'ஒப்பந்தத்துக்குப் பின்' என்பதை வைத்துக்கொள்வதே நல்லது.

அகராதி முழுக்க முழுக்கப் போர்த்துகீசியத்தில்தான் இருக்கும். விளக்கங்களில் ஆங்கிலப் பொருள் இருக்காது. பயந்துவிட வேண்டாம், பன்மைக்காகத் திறப்பவருக்கு ஏழெட்டுக் குறிச்சொற்கள் போதும். 'நோமெ மஸ்குலினோ' என்றால் ஆண்பால் பெயர், 'நோமெ ஃபெமினினோ' என்றால் பெண்பால் பெயர். 'தெ தோய்ஸ் ஜேனெரோஸ்' என்றால் இரு பாலுக்கும் ஒரே வடிவம். 'தெ தோய்ஸ் நூமெரோஸ்' என்றால் ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வடிவம். 'ப்லுரால்' என்று தனியாக ஒரு வரி வந்தால் அதுதான் நாம் தேடி வந்தது. வினைச்சொல்லின் பக்கத்தில் 'கொன்ஜுகார்' என்ற இணைப்பு இருக்கும், அதை அழுத்தினால் வினைவிகற்பப் பட்டியல் விரியும்.

பொருள் தெரியாமல் பன்மையை மட்டும் படிப்பது வீண். அதற்குப் போர்த்தோ எடிடோரா நடத்தும் இன்ஃபோபேடியாவின் போர்த்துகீசியம்–ஆங்கிலம் பகுதியைப் பக்கத்துத் தாவலில் திறந்து வைத்துக்கொள்ளலாம்.

பெயர்ச்சொல்: எங்கே உண்மையாகவே கைகொடுக்கிறது

உயிரெழுத்தில் முடியும் சொற்களுக்கு அகராதி தேவையில்லை. கடைசியில் எஸ் சேர்த்தால் முடிந்தது. 'காஸா' (வீடு) 'காஸாஸ்' ஆகும், 'லிவ்ரோ' 'லிவ்ரோஸ்' ஆகும். இத்தகைய சொற்களின் பதிவில் பன்மைக்கென்று தனி வரி பெரும்பாலும் இருக்காது. அந்த வரி இல்லையென்றால் வழக்கமான பன்மை என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஆர், ஸெட் எழுத்துகளில் முடிந்தால் ஈ-எஸ் சேரும்: 'ஃப்லோர்' (பூ) 'ஃப்லோரெஸ்', 'லூஸ்' (வெளிச்சம்) 'லூஸெஸ்'. எம் எழுத்தில் முடிந்தால் எம் போய் என்-எஸ் வரும்: 'ஓமெங்' (மனிதன்) 'ஓமெங்ஸ்', 'ஜார்திங்' (தோட்டம்) 'ஜார்திங்ஸ்'. ஒலியில் பெரிய மாற்றம் இல்லாததால் எழுதும்போது எம்மை மாற்றாமல் அப்படியே வைத்து எஸ்ஸை ஒட்டவைக்கும் பிழை நிறைய நடக்கிறது.

எஸ் எழுத்திலேயே முடியும் சொற்களில் அழுத்தம் எங்கே விழுகிறது என்று பார்க்க வேண்டும். கடைசி அசையில் விழுந்தால் ஈ-எஸ் சேரும்: 'மேஸ்' (மாதம்) 'மேஸெஸ்', 'பயீஸ்' (நாடு) 'பயீஸெஸ்'. மேஸ் சொல்லின் தலையில் உள்ள கூரைக்குறி பன்மையில் கழன்றுவிடும், பயீஸ் சொல்லின் சாய்குறி (´) கழலாது. அழுத்தம் முன்னால் விழுந்தால் சொல் மாறவே மாறாது: 'ஓ லாபிஸ்' ஒரு பென்சில், 'ஓஸ் லாபிஸ்' பல பென்சில்கள். லாபிஸ் என்று தட்டிப் பாருங்கள், 'தோய்ஸ் நூமெரோஸ்' குறிப்பு அங்கே இருக்கும். இத்தகைய சொற்களில் பன்மையைச் சொல்வது முன்னால் நிற்கும் 'ஓஸ்' மட்டுமே. அதனால்தான் எந்தப் பெயரையும் அதன் முன்சொல் இல்லாமல் மனப்பாடம் செய்யக் கூடாது.

எல் எழுத்தில் முடியும் சொற்கள் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியவை. 'அனிமால்' (விலங்கு) 'அனிமாய்ஸ்', 'ஓதெல்' (விடுதி) 'ஓதேய்ஸ்', 'எஸ்பான்யோல்' (ஸ்பானியர்) 'எஸ்பான்யோய்ஸ்', 'அஸூல்' (நீலம்) 'அஸூய்ஸ்'. லத்தீனில் இரண்டு உயிர்களுக்கு நடுவே நின்ற எல், போர்த்துகீசியத்தில் உதிர்ந்துபோனது. ஒருமையில் எல் சொல்லின் கடைசியில் நின்றதால் பிழைத்தது, பன்மையில் நடுவில் மாட்டிக்கொண்டதால் போய்விட்டது. காரணம் தெரிந்தால் பட்டியலை நெட்டுரு போட வேண்டியதில்லை. விதிவிலக்கு மிகக் குறைவு: 'மால்' (தீமை) 'மாலெஸ்', 'கோன்ஸுல்' (தூதர்) 'கோன்ஸுலெஸ்'.

ஐ-எல் என்று முடிந்தால் மட்டும் மறுபடி அழுத்தத்தைக் கேட்க வேண்டும். அழுத்தம் கடைசியில் விழும் 'பர்ரீல்' (பீப்பாய்) 'பர்ரீஸ்' ஆகும். அழுத்தம் முன்னால் விழும் 'ஃபாஸில்' (எளிது) 'ஃபாஸெய்ஸ்' ஆகும், 'ஊதில்' (பயனுள்ள) 'ஊதெய்ஸ்' ஆகும். அழுத்தம் முன்னால் விழும் சொற்களில் அந்த அசையின் மேல் சாய்குறியோ கூரைக்குறியோ இருக்கும் என்பதால் கண்ணாலேயே பிரித்துவிடலாம்.

பிரேசில் உச்சரிப்பைக் கேட்டுப் படிப்பவர்களுக்கு இங்கே கூடுதலாக ஒரு குழி உண்டு. அங்கே சொல்லின் கடைசி எல் 'உ' போல ஒலிக்கும். 'பாபெல்' (காகிதம்), 'ஷாபேஉ' (தொப்பி) இரண்டின் முடிவும் காதுக்கு ஒன்றுதான். ஆனால் ஒன்றின் பன்மை 'பாபேய்ஸ்', மற்றதன் பன்மை 'ஷாபேஉஸ்'. காதை மட்டும் நம்பினால் இரண்டையும் ஒரே மாதிரி முடித்துவிடுவோம். ஒலிப்பதிவு வழியாக மட்டும் படிப்பவர் சந்தேகம் வரும் ஒவ்வொரு சொல்லையும் அகராதியில் ஒருமுறை கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

ஆவுங் முடிவு: இந்த அகராதி தன் தகுதியைக் காட்டும் இடம்

தலையில் அலைக்கோடு போட்ட ஏ, அடுத்து ஓ. போர்த்துகீசியத்தின் அடையாளமே இந்த முடிவுதான். ஒருமையில் ஒன்றுபோல இருக்கும் இந்தச் சொற்கள் பன்மையில் மூன்று வழியில் பிரியும். 'லிஸாவுங்' (பாடம்) 'லிஸோய்ங்ஸ்' ஆகிறது. 'பாவுங்' (ரொட்டி) 'பாய்ங்ஸ்' ஆகிறது. 'மாவுங்' (கை) 'மாவுங்ஸ்' ஆகிறது. ஒருமையைப் பார்த்து எது எந்த வழியில் போகும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பழைய மொழியில் மூன்று தனித்தனி முடிவுகளாக இருந்தவை ஒருமையில் ஒன்றாகக் கலந்துவிட்டன, பன்மையில் கலக்கவில்லை. ஸ்பானியம் தெரிந்தவர்களுக்கு அந்தப் பழைய வேறுபாடு இன்றும் கண்ணுக்குத் தெரியும்: 'லெக்ஸியோனெஸ்', 'பானெஸ்', 'மானோஸ்'.

மற்றவர்கள் இப்படி வைத்துக்கொள்ளலாம். சொல்லின் அழுத்தம் ஆவுங் மேல் விழாவிட்டால் வெறும் எஸ்தான் சேரும்: 'ஓர்காவுங்' (உறுப்பு) 'ஓர்காவுங்ஸ்', 'பேன்ஸாவுங்' (ஆசி) 'பேன்ஸாவுங்ஸ்'. இதற்கு விலக்கு கிடையாது. அழுத்தம் ஆவுங் மேல் விழுந்தால் பெரும்பாலும் ஓய்ங்ஸ்தான்: 'கொராஸோய்ங்ஸ்' (இதயங்கள்), 'அவியோய்ங்ஸ்' (விமானங்கள்), 'லிமோய்ங்ஸ்' (எலுமிச்சைகள்). மொழிக்குள் புதிதாக வரும் சொற்களும் இந்த வழியில்தான் போகின்றன. ஆய்ங்ஸ் ஒரு சிறிய கூட்டம், ரொட்டி, நாய் ('காவுங்'), ஜெர்மானியர் ('அலெமாவுங்'), தளபதி ('கபிதாவுங்') என்று நாலைந்து சொற்களை நெட்டுரு செய்தால் தொடக்கநிலைக்குப் போதும். அழுத்தம் விழுந்தும் வெறும் எஸ் ஏற்பவற்றில் கை, சகோதரன் ('இர்மாவுங்'), குடிமகன் ('ஸிததாவுங்') மூன்றும் முதலில் தேவைப்படும்.

இதற்கு மேல் எல்லாம் தேடல்தான். ப்ரிபெராம் இந்தச் சொற்களுக்குப் பன்மை வரியைத் தெளிவாகத் தருகிறது. சில சொற்களுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பன்மை சரி. 'முதியவர்' என்ற பொருள்தரும் 'அன்ஸியாவுங்' மூன்று வழியிலும் போகும். 'வெராவுங்' (கோடைக்காலம்) ஓய்ங்ஸ், ஆவுங்ஸ் இரண்டும் ஏற்கும், ஆனால் இன்று எல்லோரும் ஓய்ங்ஸ்தான் சொல்கிறார்கள். இப்படிப்பட்டவற்றில் ஐயம் தீராவிட்டால் 1997 முதல் இயங்கிவரும் ஸிபெர்தூவிதாஸ் என்ற கேள்வி-பதில் தளத்தில் தேடிப் பாருங்கள், காரணத்தோடு பதில் கிடைக்கும்.

பழகுவதற்குச் சொற்கள் வேண்டுமா? தமிழுக்குள் ஏற்கெனவே குடியேறிவிட்ட போர்த்துகீசியச் சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். 'ஜனேலா' நம் ஜன்னல், 'ஷாவெ' சாவி, 'மேஸா' மேசை, 'அர்மாரியோ' அலமாரி. இவை நான்கும் வெறும் எஸ் ஏற்பவை. 'போதாவுங்' நம் பொத்தான், பன்மை 'போதோய்ங்ஸ்'. 'லெய்லாவுங்' ஏலம், பன்மை 'லெய்லோய்ங்ஸ்'. 'அனனாஸ்' அன்னாசி, கடைசி அசையில் அழுத்தம் விழும் எஸ் என்பதால் 'அனனாஸெஸ்'. பொருளைத் தனியாகப் படிக்க வேண்டாம் என்பதால் கவனம் முழுக்கப் பன்மை மேலேயே நிற்கும்.

எழுத்தில் தெரியாத பன்மை

பெரும்பாலான தொடக்கநிலைப் பாடங்கள் விட்டுவிடும் ஒன்றை இந்த அகராதி விடுவதில்லை. 'ஓவோ' (முட்டை) என்பதன் முதல் ஓ வாயைக் குவித்துச் சொல்லப்படுவது. 'ஓவோஸ்' என்று பன்மையாகும்போது அதே ஓ வாயை அகலத் திறந்து சொல்லப்படும். எழுத்தில் எஸ் மட்டும்தான் கூடியிருக்கும். ப்ரிபெராம் பதிவில் சொல்லுக்குப் பக்கத்தில் இரண்டு செங்குத்துக் கோடுகளுக்கு நடுவே கூரைக்குறி போட்ட ஓ இருக்கும், பன்மை வரியில் அதே இடத்தில் சாய்குறி போட்ட ஓ இருக்கும். கூரை என்றால் குவிந்தது, சாய்வு என்றால் திறந்தது.

'ஓல்யோ' (கண்), 'ஓஸ்ஸோ' (எலும்பு), 'ஜோகோ' (விளையாட்டு), 'கோர்போ' (உடல்), 'நோவோ' (புதிய) எல்லாம் இப்படித் திறப்பவை. 'போலோ' (கேக்), 'ரோஸ்தோ' (முகம்), 'கோஸ்தோ' (சுவை) திறக்காதவை. விதியாகச் சொல்லிவிட முடியாது, சொல்லுக்குச் சொல் பார்க்க வேண்டும். தவறாகச் சொன்னாலும் பொருள் புரிந்துவிடும், ஆனால் கேட்பவருக்கு உறுத்தும். முதல் நாளிலிருந்தே சரியாகப் பிடித்துக்கொண்டால் பின்னால் திருத்தும் பாடு இல்லை.

தாத்தா, பாட்டி விஷயத்தில் இந்த ஓ பொருளையே மாற்றிவிடும். கூரைக்குறி போட்ட 'அவோ' தாத்தா, சாய்குறி போட்ட 'அவோ' பாட்டி. இருவரையும் சேர்த்துச் சொல்லும் 'அவோஸ்' சாய்குறியோடுதான் வரும். பொதுவாக ஆணும் பெண்ணும் கலந்த கூட்டத்துக்கு ஆண்பால் பன்மைதான் வழக்கம்: 'இர்மாவுங்ஸ்' என்றால் அண்ணன் தம்பி அக்கா தங்கை எல்லோரும்.

வினைப் பட்டியல்: எதைப் படிப்பது, எதைத் தாண்டுவது

'ஃபலார்' (பேசு) என்று தட்டி 'கொன்ஜுகார்' அழுத்தினால் ஒரு நீண்ட பட்டியல் வரும். முதல்முறை பார்ப்பவர் மலைத்துப்போவார். பன்மைக்கு மூன்று வரிகள் காட்டும்: 'நோஸ்' (நாம், நாங்கள்), 'வோஸ்' (நீங்கள்), 'ஏலெஸ், ஏலாஸ், வோஸேஸ்' (அவர்கள், நீங்கள்). நடுவில் உள்ள வோஸ் வரியை முழுதாகத் தாண்டிவிடுங்கள். அது இன்று வழிபாட்டு மொழியிலும் பழைய இலக்கியத்திலும் வடக்குப் போர்ச்சுகலின் சில வட்டாரப் பேச்சிலும்தான் உயிரோடு இருக்கிறது. 'நீங்கள்' என்று பலரைப் பார்த்துச் சொல்ல 'வோஸேஸ்' போதும், அது அவர்களுக்கான வினையையே எடுத்துக்கொள்ளும். ஆக ஒவ்வொரு காலத்திலும் படிக்க வேண்டிய பன்மை இரண்டே.

நிகழ்காலத்தில் 'ஃபலாமோஸ்' நாங்கள் பேசுகிறோம், 'ஃபலாங்' அவர்கள் பேசுகிறார்கள். 'கொமேர்' (சாப்பிடு) 'கொமேமோஸ்', 'கோமெங்'. 'பர்தீர்' (புறப்படு) 'பர்தீமோஸ்', 'பார்தெங்'. நமக்கான முடிவு எப்போதும் மோஸ், அவர்களுக்கான முடிவு எம் எழுத்து. வினைமுற்றிலேயே ஆள் தெரிவதால் 'நோஸ்' என்ற சொல்லைத் தமிழைப் போலவே விட்டுவிடலாம். 'ஃபலாங்' என்பதில் அவர்களா நீங்களா என்று தெரியாது, அங்கே எழுவாயை வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

முதலில் கைக்கு வர வேண்டியவை ஒழுங்கற்ற வினைகள். 'ஸேர்' (இயல்பாக இரு) 'ஸோமோஸ்', 'ஸாவுங்'. 'எஸ்தார்' (நிலையில் இரு) 'எஸ்தாமோஸ்', 'எஸ்தாவுங்'. 'ஈர்' (போ) 'வாமோஸ்', 'வாவுங்'. 'போர்' (வை) 'போமோஸ்', 'போஎங்'. 'தேர்' (உடைமையாகக் கொள்) என்பதன் ஒருமை 'தெங்', பன்மையும் ஏறத்தாழ 'தெங்'. எழுத்தில் பன்மைக்கு ஈ எழுத்தின் மேல் கூரைக்குறி. பிரேசிலில் இரண்டும் ஒரே ஒலி, போர்ச்சுகலில் பன்மையை இரண்டு அசையாக நீட்டிச் சொல்வார்கள். 'வீர்' (வா) வினையிலும் இதே கதை. பட்டியலில் இந்தக் கூரைக்குறி சிறியதாகத் தெரியும், கைபேசியில் படிப்பவர்கள் திரையைப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இந்த அகராதியின் மற்றொரு பெரிய வசதி, மாறிய வடிவத்தையே தட்டினாலும் மூலச்சொல்லைக் காட்டுவது. 'வீமோஸ்' என்று தட்டினால் இரண்டு வினைகள் வரும்: வீர் வினையின் 'வருகிறோம்', 'வேர்' (பார்) என்ற போர்த்துகீசிய வினையின் 'பார்த்தோம்'. 'ஃபோராங்' தட்டினால் 'இருந்தார்கள்', 'போனார்கள்' இரண்டும். 'காஸாஸ்' தட்டினால் 'வீடுகள்' மட்டுமல்ல, 'கஸார்' (திருமணம் செய்) வினையின் 'நீ திருமணம் செய்கிறாய்' என்பதும் வரும். இதைப் பார்த்தால் எஸ் கண்ட இடமெல்லாம் பன்மை என்ற எண்ணம் போய்விடும். நீ என்னும் ஒருமை வினையும் எஸ்ஸில்தான் முடிகிறது.

கடந்த காலத்திலும் எதிர்காலத்திலும் ஒரு பொறி இருக்கிறது. 'பேசினார்கள்' என்பது எம் எழுத்தில் முடியும், அழுத்தம் நடு அசையில். 'பேசுவார்கள்' என்பது ஆவுங் என்று முடியும், அழுத்தம் கடைசி அசையில். இரண்டும் காதுக்கு நெருக்கமாக ஒலிப்பதால் எழுதும்போது இடம் மாறிவிடும். எழுதி முடித்ததும் அழுத்தம் எங்கே என்று ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பதே தீர்வு. அதேபோல 'ஃபலாமோஸ்' பிரேசிலில் நிகழ்காலமும் கடந்தகாலமும் ஒன்றுதான், போர்ச்சுகலில் கடந்தகாலத்துக்குச் சாய்குறி போட்டுத் திறந்த ஒலியில் சொல்வது வழக்கம். நீங்கள் முதலில் தேர்ந்தெடுத்த வழக்கு இங்கே முக்கியமாகிவிடுகிறது.

பட்டியலின் கீழே போனால் தமிழருக்குப் புதுமையான ஒன்று வரும். எச்சமே பன்மை ஏற்கும்: 'பாரா கொமேர்மோஸ்' நாங்கள் சாப்பிடுவதற்கு, 'பாரா கொமேரெங்' அவர்கள் சாப்பிடுவதற்கு. முதல் மாதத்தில் தேவையில்லை, இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

எங்கே கைவிடுகிறது

பட்டியல் எல்லா வடிவத்தையும் காட்டும், எதை எப்போது சொல்லக் கூடாது என்பதைக் காட்டாது. 'அவேர்' வினை இதற்குச் சரியான உதாரணம். 'உண்டு' என்ற பொருளில் இது எப்போதும் ஒருமைதான்: 'ஆ தோய்ஸ் லிவ்ரோஸ்' இரண்டு புத்தகங்கள் உள்ளன, 'ஓவெ ப்ரோப்லேமாஸ்' சிக்கல்கள் இருந்தன. பட்டியலில் 'ஓவேராங்' என்ற பன்மை இருக்கிறதே என்று எடுத்துப் போட்டால் தவறு. அந்த வடிவம் துணைவினையாக வரும்போது பயன்படுவது. காலத்தைச் சொல்லும் 'ஃபஸேர்' வினையும் அப்படியே: 'ஃபாஸ் தோய்ஸ் அனோஸ்' இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஆண்டுகள் பன்மை, வினை ஒருமை.

'அ ஜென்தெ' பேச்சில் 'நாங்கள்' என்ற பொருளில் வரும். பொருள் பன்மை என்றாலும் வினை ஒருமை: 'அ ஜென்தெ வாய்', 'நோஸ் வாமோஸ்'. இரண்டையும் கலந்து 'அ ஜென்தெ வாமோஸ்' என்று சொல்வது பரவலான பிழை. அகராதியில் 'ஜென்தெ' என்று தேடினால் பொருள் கிடைக்கும், ஆனால் வினையை எப்படிச் சேர்ப்பது என்ற பயிற்சி கிடைக்காது.

தமிழிலிருந்து வரும் பிழைகளை எந்தப் போர்த்துகீசிய அகராதியும் எச்சரிக்காது, அவற்றை நாமே கவனிக்க வேண்டும். 'சாவியெல்லாம் மேசைமேல இருக்கு' என்று பேசிப் பழகியதால் 'அஸ் ஷாவெஸ்' என்று சரியாகத் தொடங்கி 'எஸ்தா' என்று ஒருமையில் முடிக்கிறோம். சரியானது 'அஸ் ஷாவெஸ் எஸ்தாவுங் ந மேஸா'. உயிருள்ளது இல்லாதது என்ற பாகுபாடு போர்த்துகீசிய வினைக்குக் கிடையாது. எண் முன்னால் வந்தால் தமிழ்ப் பேச்சு 'கள்' விகுதியைக் கழற்றிவிடும், போர்த்துகீசியம் விடாது: 'தோய்ஸ் லிவ்ரோஸ்', 'தூவாஸ் காஸாஸ்'. இரண்டு என்ற எண்ணே பாலுக்கேற்ப மாறியிருப்பதைக் கவனியுங்கள். மரியாதைப் பன்மை இன்னொன்று. ஒரே ஒருவரை 'வந்தார்' என்று சொல்லும் பழக்கத்தில் 'ஓ ஸென்யோர்' என்ற மரியாதைச் சொல்லுக்கு 'ஃபலாங்' சேர்த்துவிடுவோம். ஒருவர் என்றால் எவ்வளவு மரியாதை இருந்தாலும் 'ஃபாலா' என்ற ஒருமைதான்.

பிடித்தல் வினையும் நம்மைக் குழப்பும். 'எங்களுக்குப் பழங்கள் பிடிக்கும்' என்பதில் தமிழ் மனம் பழங்களை எழுவாயாக எடுத்துக்கொள்ளும். போர்த்துகீசியத்தில் எழுவாய் நாங்கள்தான்: 'நோஸ் கோஸ்தாமோஸ் தெ ஃப்ரூதாஸ்'.

சிறுமை விகுதி சேர்ந்த சொற்களிலும் அகராதி எப்போதும் உதவாது. 'பாவுங்ஸின்யோ' (சிறு ரொட்டி) பன்மையில் 'பாய்ங்ஸின்யோஸ்'. உள்ளே இருக்கும் சொல்லும் பன்மையாகிறது, வெளியிலும் எஸ் வருகிறது. இவ்வகைச் சொற்கள் எண்ணிலடங்காதவை, எல்லாம் பதிவில் இருக்காது. மூலச்சொல்லின் பன்மையைத் தேடி நீங்களே கட்டிக்கொள்ள வேண்டும்.

எப்படிப் பயன்படுத்தினால் பலன்

அகராதியைப் படிப்பதால் பன்மை வராது, அதை முன்பக்கம் கேள்வியும் பின்பக்கம் விடையும் உள்ள நினைவு அட்டையாக மாற்ற வேண்டும். அன்கி செயலி இதற்குப் பொருத்தம். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐஃபோனில் மட்டும் காசு கொடுக்க வேண்டும். அட்டையின் முன்பக்கம் தனிச்சொல் எழுதாதீர்கள். 'ஓ லிமாவுங் எ ஃப்ரேஸ்கோ' (எலுமிச்சை புதியது) என்று ஒருமை வாக்கியம் எழுதுங்கள், பின்பக்கம் 'ஓஸ் லிமோய்ங்ஸ் ஸாவுங் ஃப்ரேஸ்கோஸ்'. முன்சொல், பெயர், வினை, அடைமொழி நான்கையும் ஒன்றாக மாற்றிப் பழகுவதுதான் நோக்கம். ஒன்று விட்டாலும் அந்த அட்டையைத் தவறு என்றே குறியுங்கள்.

நாளுக்கு ஐந்து பெயர்ச்சொல், வாரத்துக்கு இரண்டு வினை போதுமானது. பெயரைத் தட்டுங்கள், பாலைப் பாருங்கள், பன்மை வரி இருந்தால் எழுதுங்கள், செங்குத்துக் கோடுகளுக்குள் ஓ இருந்தால் அதன் குறியையும் எழுதுங்கள். வினையில் நிகழ்காலத்தின் இரண்டு பன்மை வரிகளை மட்டும் எடுங்கள். கடந்தகாலத்தை நிகழ்காலம் தடங்கலின்றி வந்த பிறகு தொடங்கலாம். இரண்டையும் ஒரே வாரத்தில் எடுத்தால் ஃபலாமோஸ் வடிவம் குழப்பத் தொடங்கும்.

வாக்கியப் பயிற்சிக்கு டுவோலிங்கோ என்ற மொழிப் பயிற்சிச் செயலி வைத்திருப்பவர்கள் ஒன்றை நினைவில் கொள்ளுங்கள். அதில் உள்ள பாடம் பிரேசில் வழக்கு. ப்ரிபெராமில் ஐரோப்பிய வழக்கைத் தேர்ந்துவிட்டு அதைப் படித்தால் குறிகளும் சில சொற்களும் முரண்படுவதுபோலத் தோன்றும். இரண்டையும் ஒரே வழக்கில் வையுங்கள். பிரேசில் பேச்சில் 'ஓஸ் மெனினோ' (சிறுவர்கள்) என்று முன்சொல்லில் மட்டும் பன்மை வைத்துப் பெயரை ஒருமையில் விடுவதையும் கேட்பீர்கள். அது அங்கே நடமாடும் பேச்சுவழக்கு, புரிந்துகொள்ளுங்கள். எழுதும்போதும் தேர்விலும் 'ஓஸ் மெனினோஸ்' என்றே எழுதுங்கள்.

கைபேசி விசைப்பலகையில் போர்த்துகீசியத்தை இப்போதே சேர்த்துவிடுங்கள். குறிகள் இல்லாமல் தட்டினாலும் அகராதி பெரும்பாலும் சரியான சொல்லுக்கு வழிகாட்டிவிடும், அட்டையில் எழுதும்போது அந்தச் சலுகை கிடையாது. ஏ எழுத்தைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அலைக்கோடு போட்ட ஏ மேலே வரும், ஈ எழுத்தை அழுத்திப் பிடித்தால் கூரைக்குறி போட்ட ஈ வரும்.